சொட்டுமாதாவின் கழுத்து

எங்கள் ஊரில் மழை பொய்த்தால் அந்தப் பழியை யார் தலையிலாவது கட்டாமல் விடமாட்டார்கள். சாமியார் பூசையைச் சுருக்கிவிட்டார், கரட்டில் எவனோ முயல் பிடித்தான், கீழ்த்தெருவில் எவளோ மண்ணை வாரித் தூற்றினாள் என்று டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். ஆளாளுக்கு ஆயிரம் அடி போர் போட்டதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். மிக்கேலம்மாள் அண்ணி அந்தப் பேச்சில் கலந்துகொண்டு நான் பார்த்ததில்லை. மழை என்று யாராவது ஆரம்பித்தாலே பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். திமிர் பிடித்தவள் என்று ஊரில் அவளுக்குப் பெயர்.

அண்ணி என்றால் என் பெரியப்பா மகன் சவரியின் மனைவி. நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வெள்ளக்கரடு. காற்று திரும்பினால் லாரிகள் கணவாய் இறங்குகிற சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். எனக்கு நல்லம்பள்ளியில் ஜெராக்ஸ் கடை. கோவில் கமிட்டிக்குச் செயலாளர் வேண்டும் என்றபோது யாரும் கையைத் தூக்கவில்லை, என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அதனால்தான் நடந்தது எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

அண்ணிக்கு ஐம்பது நெருங்குகிறது. ஒல்லி உடம்பு, ஆனால் சாமந்தித் தோட்டத்தில் பூப்பறிக்க இறங்கினால் இரண்டு ஆள் வேலை பார்ப்பாள். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள், யாரோ திட்டிவிடுவார்கள் என்பது மாதிரி. ஒரே மகன் இனிகோ, தர்மபுரி டவுனில் பார்சல் டெலிவரி செய்கிறான். அப்பனைப் போலவே உயரம், அப்பனுக்கு இல்லாத கோபம்.

ஊருக்குப் பின்னால் மரமில்லாத ஒரு சின்னக் குன்று. அதைத்தான் கரடு என்போம். கரடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. எங்கள் முன்னோர்கள் அதை வெட்டிக் காளவாயில் சுட்டுப் பிழைத்தவர்கள். கரட்டின் நடுவில் ஒரு குகை. அதற்குள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் தரையிலிருந்து எழுந்து நிற்கிறது. கூரையிலிருந்து தண்ணீர் அதன் உச்சியில் சொட்டிக்கொண்டே இருக்கும். முக்காடு போட்ட ஒரு பெண் நிற்கிற சாயல். ஊர் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தபோது அந்தக் கல்லும் கூடவே வந்துவிட்டது போலிருக்கிறது. சொட்டுமாதா என்று பெயர் வைத்து, குகையைக் கெபியாக்கி, அதாவது குகைக் கோவிலாக்கி, வாசலுக்குக் கம்பிக் கதவும் போட்டார்கள். செப்டம்பரில் மாதா பிறந்தநாளுக்குத் தேர் இழுப்போம்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் மாதாவுக்குச் சேலை மாற்றுவது எங்கள் வழக்கம். சேலை என்றால் துணி இல்லை, சுண்ணாம்பு. போன வருஷத்துச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாக வெள்ளையடிக்க வேண்டும். உடை மாற்றும்போது மாதாவை யாரும் பார்க்கக் கூடாது. அதனால் வாசலில் திரை கட்டிவிட்டு, முறைக்காரி ஒருத்தி மட்டும் உள்ளே போவாள். மற்ற பெண்கள் வெளியே செபமாலை சொல்வார்கள். அந்த முறை அண்ணியின் மாமியாருக்கு இருந்து, அவள் இறந்த பிறகு அண்ணிக்கு வந்தது. வெள்ளையடிக்காத கல்லை நேராகப் பார்த்த ஆள் எங்கள் ஊரில் அவள் ஒருத்திதான்.

2016 திருவிழாவுக்கு முன்னால் உள்ளே போனவள் ஈரப் பாறையில் வழுக்கிவிட்டாள். விழுகிறவள் கைக்கு எட்டியதைத்தானே பிடிப்பாள்? பிடித்தாள். மாதாவின் தலை, ஒரு தேங்காய் அளவுக்கு, கழுத்தோடு கழன்று கையோடு வந்துவிட்டது.

"கடக்னு ஒரு சத்தம் தம்பி. என் ஈரக்கொலையே அந்துபோச்சு" என்று ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னாள்.

திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீலம் எடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லி வீட்டுக்கு ஓடினாள். சுண்ணாம்பில் நீலம் கலந்தால்தான் வெள்ளை பளிச்சென்று இருக்கும், யாரும் சந்தேகப்படவில்லை. தோட்டத்துக் குழாய் உடைந்தால் ஒட்டுவதற்குச் சவரி வாங்கிவைத்திருந்த எம்சீலை மடியில் கட்டிக்கொண்டு திரும்பினாள். பிசைந்து கழுத்தில் வைத்துத் தலையைப் பொருத்தினாள். அதன் மேல் சுண்ணாம்பைக் கெட்டியாக அப்பினாள். அழுதுகொண்டே செய்தாளாம். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்ததைப் பார்த்து, பக்தி என்று நினைத்தோம்.

திருவிழா முடியட்டும், சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். கொடி ஏறியது, தேர் ஓடியது, கொடி இறங்கியது. மழை வரவில்லை.

ஐப்பசி காய்ந்தது, கார்த்திகையும் காய்ந்தது. அந்த வருஷம் தமிழ்நாடே காய்ந்தது என்பது டிவி பார்த்த எல்லோருக்கும் தெரியும். அண்ணிக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு அது தன் கையால் நடந்ததாகத்தான் பட்டது. அவர்கள் கிணறு வற்றியது. தென்னைகள் குருத்து கருகி, ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. சவரி மாடுகளை ஓட்டிக்கொண்டுபோய்ச் சந்தையில் விற்றுவிட்டு லாரி டிரைவராகப் போனான். இரண்டாம் வருஷம் தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் அவன் வண்டியை இடித்துத் தள்ளியது. வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் செத்தான்.

தலை கழன்றது, மழை நின்றது, தென்னை போனது, புருஷன் லாரி ஏறினான், செத்தான். இந்தச் சங்கிலியை அவள் தினமும் உருட்டிக்கொண்டிருந்தாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் போய் நிற்பாள், தன் முறை வருவதற்குள் நழுவிவிடுவாள். அதன் பிறகு சேலை மாற்றப் போகும்போதெல்லாம் கழுத்தைச் சுரண்டுவதே இல்லை. மேலே மேலே பூசிக்கொண்டே வந்தாள். "மாதாவுக்கு வருஷா வருஷம் கழுத்து பெருக்குது" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அண்ணி வாயைப் பொத்திக்கொள்வாள். சிரிக்கிறாள் என்று நினைப்போம்.

போன வருஷம் மெஹ்ஜபீன் வந்தாள். தர்மபுரியில் வளையல் கடை வைத்திருக்கிற காஜா பாயின் மகள். எங்கள் ஊரில் வளைகாப்பு என்றால் அந்தக் கடைக்குத்தான் போவார்கள், அதனால் குடும்பம் தெரிந்த குடும்பம். பெண் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். சொட்டு விழுகிற இடத்தில் சின்னப் பாட்டில் வைத்துத் தண்ணீர் பிடித்தாள், குகைக்குள் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று அளந்தாள். சில மாதம் இப்படி வந்துபோய்விட்டு, ஒருநாள் கமிட்டி முன்னால் வந்து நின்று, கல்லில் ஒரு துளை போட அனுமதி கேட்டாள்.

கோவில் முற்றத்தில் ஊர் கூடியது. பங்குச் சாமியார் ஒரு ஓரமாக உட்கார்ந்து, பேச்சைச் சின்னராஜிடம் விட்டுவிட்டார். சின்னராஜ் கமிட்டித் தலைவர், தொப்பூரில் பஞ்சர் கடைக்காரர், நியாயஸ்தர், ஆனால் தன் குரல் தனக்கே ரொம்பப் பிடித்தவர்.

"மழைத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்குதுங்க" என்றாள் மெஹ்ஜபீன். "எறங்கறப்ப சுண்ணாம்பைக் கரைச்சு எடுத்துக்குது. குகையில சொட்டறப்ப அதுல ஒரு துளிய இங்க விட்டுட்டுப் போவுது. அது சேந்து சேந்து ஒறஞ்சதுதான் இந்தக் கல்லு. உச்சியில இருக்கறது புதுசு, கீழ போகப் போகப் பழசு. நல்ல மழை பெஞ்ச காலத்துல படிஞ்சது ஒரு மாதிரி இருக்கும், காஞ்ச காலத்துல படிஞ்சது வேற மாதிரி இருக்கும். மேலருந்து கட்டைவெரல் பருமனுக்கு ஒரு தண்டு மாதிரி எடுத்துக்கறேன். கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. துளைய அதே கல்லுத்தூள்ல அடைச்சுக் குடுத்துடறேன்."

"இந்த வருசம் மழை வருமான்னு சொல்லுமா உன் கல்லு?" என்று ஒருத்தர் கேட்டார்.

"வந்துபோன மழையத்தாங்க சொல்லும்."

"வந்துபோனதைத் தெரிஞ்சு இன்னா பண்றது?"

"பெரிய பஞ்சம் எப்பெப்ப வந்துச்சு, வந்தா எத்தன வருசம் நிக்கும்னு தெரிஞ்சா, அடுத்தது வர்றப்ப ஏரிய எப்பிடி வெச்சுக்கணும்னாச்சும் யோசிக்கலாங்களே."

கேள்வி கேட்டவர் ஏரி வாய்க்காலில் பாதியைத் தோட்டமாக்கி வைத்திருப்பவர். அதோடு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் இனிகோ எழுந்தான். "ஒடஞ்சுபோச்சுன்னா?"

"ஒடையாதுங்க."

"ஒடஞ்சுதுன்னா என்னன்னு கேக்கறேன். எங்க மாதா மேல மிசினு வெக்கப் போறீங்க. நீங்க யாரு, எங்கருந்து வர்றீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு சில்லு கீழ வுழுந்தாலும் நீங்க வூடு போய்ச் சேர மாட்டீங்க."

அவனுக்குப் பின்னால் நாலைந்து பையன்கள் கை தட்டினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியாது? செல்போனில் ஒரு வீடியோ போதும். காஜா பாய் கடைக்கு முன்னால் கூட்டம் நிற்க மறுநாள்கூட ஆகாது. சின்னராஜ் அதட்டி உட்காரவைத்தார். ஆனால் அவரும் கடைசியில் அதையே வேறு விதமாகச் சொன்னார். துளை போடலாம், கமிட்டி முன்னால் பகலில் போட வேண்டும், கல்லுக்குச் சேதம் வந்தால் பொறுப்பு அந்தப் பெண்ணுடையது என்றார். மெஹ்ஜபீன் சரி என்றாள்.

அண்ணி கூட்டத்தின் கடைசியில் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்ததை நான் பார்த்தேன். மகன் பேசிய பேச்சுக்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மெஹ்ஜபீன் அண்ணி வீட்டுக்கு வந்தாள். நானும் கூடப் போனேன். "அக்கா, வெள்ளையடிச்சிருக்கறதால வெளியிலருந்து எனக்கு ஒண்ணும் தெரியல. வருசா வருசம் தொட்டுப் பாத்தவங்க நீங்கதான். எங்கயாச்சும் விரிசல், ஒடசல் இருக்குதா? இருந்தா நான் மிசினே வெக்க மாட்டேன். நீங்க சொன்னாப் போதும்."

அண்ணி அவளையே பார்த்தாள். வாசலில் இனிகோ பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கிற சத்தம் நின்றிருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு" என்றாள் அண்ணி.

மெஹ்ஜபீன் அந்த வார்த்தையை நம்பி எழுந்து போனாள். அந்த நிமிஷத்திலிருந்து அண்ணிக்குத் தூக்கம் போய்விட்டது. மிஷின் தலையில் உட்கார்ந்தால் எம்சீல் நிற்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். தலை விழும். விழுந்தால் அந்தப் பெண் உடைத்ததாகத்தான் ஆகும். அண்ணியின் குற்றம் அதோடு மறைந்துபோகும். சாகிறவரை ஒருத்தருக்கும் தெரியாது. பதிலுக்கு வளையல்காரர் மகள் மாட்டிக்கொள்வாள், அவள் மேல் முதலில் கை வைக்கப்போகிறவன் தன் மகன்.

அவள் தடுத்துப் பார்க்காமல் இல்லை. கொடியேற்றத்துக்கு முன்னால் கல்லைத் தொடக் கூடாது என்றாள். அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்றார் சின்னராஜ். உச்சியில் வேண்டாம், கீழே பாதத்தில் போடச் சொல்லுங்கள் என்று என்னிடம் வந்து நின்றாள். நான் மெஹ்ஜபீனிடம் கேட்டுச் சொன்னேன், மேலிருந்து இறங்கினால்தான் வருஷ வரிசை தெரியுமாம் என்று. "மேலருந்துதானா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். சேலை மாற்றும் முறைக்காரிக்கு வந்த பொறாமை என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

அந்த நாளும் வந்தது. ஆடி போய் ஆவணி பிறந்த சமயம், காலை வெயில் ஏறுகிற நேரம். குகை வாசலுக்கு வெளியே ஊர் பாதி நின்றது. உள்ளே இடம் குறைவு என்பதால் சின்னராஜ், சாமியார், நான், இளைஞர் சார்பில் இனிகோ, முறைக்காரி என்று அண்ணி. இனிகோ கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

மெஹ்ஜபீன் ஒரு மூன்று கால் ஸ்டாண்டைக் கல்லைச் சுற்றி நிறுத்தினாள். பேட்டரியில் ஓடுகிற மிஷின், நுனியில் குழாய் மாதிரி ஒரு அலகு. உச்சியில் கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்துத் தரும்படி அண்ணியைக் கேட்டாள். அண்ணி சுரண்டினாள். கத்தி கல்லில் கிறீச்சென்றது. கல்லின் நிறம் தெரிந்தது, தேன் கலந்த பால் மாதிரி. நாங்கள் யாரும் அதுவரை பார்த்திராத நிறம். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆரம்பிக்கட்டுங்களா?" என்றாள் மெஹ்ஜபீன். சின்னராஜ் தலையசைத்தார்.

மிஷின் சத்தம் அந்தச் சின்னக் குகையில் காதைப் பிளந்தது. அலகு சூடாகாமல் இருக்க அவள் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். வெள்ளைக் குழம்பு மாதாவின் முகத்தில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அலகையே பார்த்தோம். அண்ணி கழுத்தைப் பார்த்தாள். தண்ணீர் பட்டுப் பட்டு, எட்டு வருஷமாக அப்பிய சுண்ணாம்பு ஊறி, பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்திருந்தது. அதற்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. கோடு அசைந்தது.

"நிறுத்து!" என்று அண்ணி கத்தினாள். "நிறுத்து கண்ணு, நிறுத்து!"

மெஹ்ஜபீன் பதறி மிஷினை அணைத்தாள். அந்த நொடியில் இனிகோ பாய்ந்துவிட்டான். "என்ன பண்ணே? ஒடச்சிட்டியா? ஒடச்சிட்டியா?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். வாசலில் நின்றவர்கள், உடைச்சிட்டாளாம் என்று கத்துவது கேட்டது. கம்பிக் கதவு ஆடியது. யாரோ கல்லை எடுங்கடா என்றார்கள். சின்னராஜ் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். அவர் குரல் முதல்முறையாக யார் காதிலும் ஏறவில்லை.

அண்ணி மகனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் புகுந்தாள். "வுடுடா அவளை. நான்தான் ஒடச்சேன்."

"நீ தள்ளும்மா. இவளுக்கு எதுக்கு நீ வக்காலத்து?"

"நான்தான்டா. அன்னிக்கு, உங்கப்பன் இருந்தப்பவே ஒடச்சேன். ஒட்டி வெச்சேன்."

யாரும் நம்பவில்லை. நானே நம்பவில்லை. பெண்பிள்ளை அடிபடக் கூடாது என்று பொய் சொல்கிறாள் என்றுதான் பட்டது. இனிகோ மெஹ்ஜபீனின் கையை விடவில்லை. அவள் வலியில் முனகினாள்.

அண்ணி திரும்பி ஸ்டாண்டைத் தள்ளினாள். கையிலிருந்த கத்தியால் கழுத்தைச் சுற்றிச் சுரண்டினாள். சாம்பல் நிற எம்சீல் வளையம் மாதிரி தெரிந்தது. அதில் அவளுடைய விரல் பதிந்த தடம்கூட அப்படியே இருந்தது. பிறகு இரண்டு கைகளாலும் மாதாவின் தலையைப் பிடித்தாள். "மன்னிச்சுக்க ஆத்தா" என்று சொல்லி ஒரு திருகு திருகினாள். தலை கழன்று வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

கம்பிக் கதவை ஆட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. சொட்டு மட்டும், தலை இல்லாத கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வழுக்கியது, நீலம் எடுக்கப் போனது, ஒட்டியது. இனிகோ மெஹ்ஜபீனின் கையை விட்டுவிட்டுச் செல்போனைக் கீழே இறக்கினான். அவன் முகத்தில் அந்தச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக ஓடுவதை நான் பார்த்தேன். அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே.

"அப்ப அந்த வருசம் மழை..." என்றான். "அப்பா லாரிக்குப் போனது... எல்லாம் உன்னாலதானா?"

"ஆமா" என்றாள் அண்ணி. எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

மெஹ்ஜபீன் கையைத் தேய்த்துக்கொண்டே அண்ணியின் பக்கத்தில் குந்தினாள். ஓடிப்போகத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் மடியிலிருந்த தலையை மெல்லத் திருப்பி, உடைந்த பக்கத்தைப் பார்த்தாள். என்னிடம் டார்ச்சைக் கேட்டாள். பையிலிருந்து லென்சை எடுத்து வைத்து நெடுநேரம் பார்த்தாள். எம்சீலை ஓரமாகச் சுரண்டிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அக்கா, இதைப் பாருங்க. இங்க செவப்பாத் தெரியுதில்ல, மெல்லிசா?"

தெரிந்தது. உடைந்த பரப்பு முழுக்கச் செம்மண் தடவினது மாதிரி ஒரு படலம்.

"இது தூசி. சொட்டு விழுந்துட்டே இருந்தா தூசி இப்பிடி படியாது. ரொம்ப வருசம் சொட்டே விழாம நின்னிருக்கணும். மேல மழையே இல்லாம மண்ணு காஞ்சு கெடந்திருக்கணும். அப்பப் படிஞ்ச தூசி. பின்னால மழை வந்து, தூசிக்கு மேலயே மறுபடி கல்லு வளந்திருக்குது. ஆனா நடுவுல தூசி இருக்கறதால ஒட்டவே இல்ல. சும்மா மேல உக்காந்திருந்துச்சு. யாரு கை வெச்சிருந்தாலும் வந்திருக்கும்."

"எந்த வருசம்?" என்றார் சின்னராஜ்.

"அதை லேப்புல வெச்சுத்தாங்க பாக்கணும். ஆனா இதுக்கு மேல ஒரு தேங்கா அளவு கல்லு வளந்திருக்குதே. நூறு வருசத்துல அப்பிடி வளராது. உங்க ஊரு வர்றதுக்கு முன்னாடி." அவள் அண்ணியின் கையைப் பிடித்தாள். "நீங்க ஒடச்சதால மழை நிக்கலக்கா. என்னிக்கோ மழை நின்னதால இந்த எடத்துல ஒடஞ்சிருக்குது."

அண்ணி காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. ஊர்க் காதில் விழவில்லை. சின்னராஜ், "நீ கெளம்பும்மா, உன் மேல தப்பில்ல" என்று மெஹ்ஜபீனைத் தன் காரிலேயே ஏற்றி அனுப்பிவைத்தார். அதற்காக அவருக்கு எத்தனை கும்பிடு வேண்டுமானாலும் போடலாம். கழன்ற தலையையும் சாமியார் அனுமதியோடு அவளிடமே கொடுத்தோம், ஒரு சீவல் எடுத்துக்கொண்டு ஒழுங்காக ஒட்டித் தரட்டும் என்று. மற்ற கோபம் முழுக்க அண்ணி மேல் இறங்கியது. முறையைப் பறித்தார்கள். பூப்பறிக்கக் கூப்பிட்டவர்கள் கூப்பிடவில்லை. அந்த வருஷத் திருவிழாவில் அவள் தேருக்குப் பின்னால், எல்லோருக்கும் கடைசியில் நடந்தாள். இனிகோ டவுனில் அறை எடுத்துத் தங்கிவிட்டான்.

பொங்கல் கழித்து மெஹ்ஜபீன் என் கடைக்கு வந்தாள். முடிவு வந்துவிட்டது என்றாள். ஊர் கூட்டத்தில் வைத்துச் சொல்லலாமே என்றேன். "முதல்ல அக்காகிட்ட சொல்லணுங்க, அவங்க பையன் முன்னாடி" என்றாள். நான் இனிகோவைக் கூப்பிட்டு, வரவில்லை என்றால் ஆள் வைத்துத் தூக்குவேன் என்று மிரட்டி வரவழைத்தேன். வந்து வாசல்படியிலேயே நின்றுகொண்டான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மெஹ்ஜபீன் தரையில் உட்கார்ந்து சொன்னாள். அந்தத் தூசி படிந்து அறுநூறு எழுநூறு வருஷம் ஆகிறதாம். ஒரு தலைமுறைக்கு மேல் குகையில் சொட்டே விழவில்லையாம். அதற்குக் கீழேயும் அதே மாதிரி இன்னும் சில செம்படலம் இருக்கும் என்று நினைக்கிறாளாம். இங்கே மழை அப்படி நின்று நின்றுதான் வந்திருக்கிறது, மாதா வருவதற்கு முன்னாலும், சுண்ணாம்பு சுட ஆள் வருவதற்கு முன்னாலும்.

அண்ணி கை கட்டிக்கொண்டு கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அவரு செத்தது?"

மெஹ்ஜபீனுக்கு முதலில் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"அது பிரேக் புடிக்காத லாரிக்கா" என்றாள். "நீங்க இல்லக்கா."

சவரி செத்த அன்று அண்ணி அழவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கொன்றவளுக்கு அழ என்ன பாத்தியதை என்று இருந்தாளாம். இப்போது அழுதாள். "என் ராசா, என்னெ வுட்டுட்டுப் போயிட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு, நேற்றுத்தான் பிணத்தை இறக்கிவைத்த மாதிரி அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் யார் செத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். இனிகோ படியை விட்டு இறங்கி உள்ளே வந்து, அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து அப்பாவுக்காக அழ ஆரம்பித்தான்.